பதினொன்றரைக்கு அடித்த பன்னிரண்டு மணி

நான் வேலை செய்த கம்பனியில் இப்போது இருக்கிற பிள்ளைகள் ஒரு சிறப்பு மலர் போடுகிறார்களாம். ஓய்வு பெற்றவர்கள் ஒவ்வொருவரிடமும் இரண்டு பக்கம் கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தந்த தலைப்பு, "லினக்ஸில் முதன்முதலாக யூ.எஸ்.பி டிபக்கர் வேலை செய்த நாள்." அவர்களுக்கு அது செருகியவுடன் வேலை செய்கிற ஒரு சாமான். எங்களிடம் அது ஒரு வாடிக்கையாளருக்காக முதல் தடவை ஒழுங்காக வேலை செய்த நாளில் நாங்கள் கொழும்பில் கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு பொலிஸ் நிலையத்தில் இருந்தோம். பக்கத்து அறையில் ஒரு மனிதர் அடைபட்டிருந்தார். இதை இரண்டு பக்கத்தில் எழுத எனக்குத் தெரியவில்லை. மிஞ்சியதை அவர்கள் வெட்டிக்கொள்ளட்டும்.

டிபக்கர் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. ஒரு பக்கம் கணினியில் செருகும். மறு பக்கத்திலிருந்து ஐந்து வயர் வரும். அந்த ஐந்தையும் ஒரு இயந்திரத்தின் சிப்பில் சரியான கால்களில் பிடித்துவிட்டால், சிப்பை நிற்பாட்டலாம், அதன் வயிற்றில் எழுதியிருப்பதைப் பார்க்கலாம், வேண்டுமானால் மாற்றியும் எழுதலாம். அவ்வளவுதான்.

நான் மருதானையில் மின்னணுவியல் டிப்ளோமா படித்துவிட்டு, அங்கேயே ஒரு பழுதுபார்க்கும் கம்பனியில் சேர்ந்தேன். வெள்ளவத்தையிலிருந்து தினம் ரயில். வேர்க்‌ஷொப்பில் நான் ஒருத்திதான் பெண். முதல் இரண்டு வருடமும் கல்குலேட்டர் தவிர வேறெதையும் என் மேசைக்கு அனுப்பவில்லை. மூன்றாம் வருடம் மிஸ்டர் பெரேரா பொறுப்புக்கு வந்தார். அதன் பிறகுதான் வேலை கற்றேன் என்று சொல்லவேண்டும்.

மிஸ்டர் பெரேரா மெலிந்த மனிதர். முழுக்கைச் சட்டை, மேல் பையில் ஒரே ஒரு பேனா. சிங்களத்தில்தான் எங்களுடன் பேசுவார். பழுது என்று எது வந்தாலும் முதலில் ஒரு மஞ்சள் கார்ட் எடுப்பார். அதில் மூன்று கேள்வி. வாடிக்கையாளர் என்ன சொல்கிறார்? இயந்திரம் என்ன சொல்கிறது? நீ என்ன கண்டாய்? மூன்றையும் நிரப்பாமல் யாரும் ஸ்குரூ டிரைவரைத் தொடக்கூடாது. "இருக்கலாம்" என்ற சொல் கார்டில் வந்தால் வாசிக்காமல் திருப்பித் தருவார். திரையில் ஒரு பிழைச் செய்தி வந்தால், சொந்தக்காரர் எழுதிய கடிதத்தை வாசிப்பதுபோல ஆறுதலாக, முற்றுப்புள்ளி வரைக்கும் சத்தமாக வாசிப்பார். சிப்பில் எதையாவது எழுதுவதற்கு முன் உள்ளதை இரண்டு தரம் வாசித்து, இரண்டும் ஒன்றா என்று பார்த்து, ஒரு பிரதியை வேறாக வைக்கவேண்டும். இதில் அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

ஒருமுறை பேலியகொடை மீன் சந்தையிலிருந்து ஒரு மின்னணுத் தராசு வந்தது. காலையில் மட்டும் கூட நிறுக்கிறது என்று முறைப்பாடு. நான் உணரியை மாற்றி அனுப்பினேன். திரும்பி வந்தது. போர்டையே மாற்றினேன். அதுவும் திரும்பி வந்தது. பெரேரா கார்டைப் பார்த்தார். மூன்றாவது கேள்விக்கு நேரே நான் எதுவும் எழுதியிருக்கவில்லை. அடுத்த நாள் காலை சந்தையில் போய் இருந்தேன். வியாபாரி ஆளைப் பார்த்துக் கதைக்கும்போதெல்லாம் ஒரு காகம் வந்து தராசுத் தட்டின் பின்விளிம்பில் குந்தியது. ஏறக்குறைய முன்னூறு கிராம். கார்டில் "காகம்" என்று எழுதிக் கொடுத்தேன். பெரேரா கையெழுத்து வைத்தார். சிரிக்கவேயில்லை.

டிபக்கர் எங்களிடம் வந்தது சண்டை திரும்பவும் மூளப்போகிறது என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்த காலத்தில். வெளிநாட்டிலிருந்து பார்சலில் வந்தது. பாதுகாப்புக் காரணத்துக்காகச் சுங்கத்தில் பார்சலைத் திறந்து பார்த்திருந்தார்கள். ஐந்து வயரும் சிவப்பு விளக்கும் உள்ள கருவியை ஒரு கேள்வியும் இல்லாமல் விட்டுவிட்டார்கள். அதோடு வந்த சீடியை மட்டும், உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்கவேண்டும் என்று சொல்லி எடுத்து வைத்துக்கொண்டார்கள். அந்தச் சீடியில்தான் விண்டோஸ் கணினியில் கருவியை இயக்கும் டிரைவர் மென்பொருள் இருந்தது. நாலு கடிதம் எழுதினோம். பரிசீலனையில் உள்ளதாகப் பதில் வந்தது. என் அறிவுக்கு அது இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது.

அப்படித்தான் லினக்ஸுக்குப் போனோம். பெரேராவின் மருமகன் ஒரு சீடி கொடுத்தான். கருவியை இயக்கும் மென்பொருளின் மூல நிரலை வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்குக் கீழே இருந்த, இன்டர்நெட் வசதியுள்ள கொமியூனிகேஷன் கடையில் இறக்கி, பென்ட்ரைவில் மருதானைக்குக் கொண்டுபோனேன். அங்கே அதைத் தொகுத்துக் கட்டிப் பார்த்தால் ஒரு நூலகக் கோப்பு இல்லை என்று சொல்லும். மாலையில் அதை இறக்கி, காலையில் கொண்டுபோனால் வேறொன்று இல்லை என்று சொல்லும். ஒரு கிழமை இப்படி ரயிலில் கோப்பு காவினேன். கடைசியில் எல்லாம் கட்டுப்பட்டது, ஆனால் கருவியைத் திறக்க முடியவில்லை என்றது. பிறகுதான் விளங்கியது. கருவியைச் செருகியவுடன் லினக்ஸ் அதைச் சாதாரண சீரியல் வயர் என்று நினைத்து, உதவி செய்கிற எண்ணத்தில் தானே பிடித்துக்கொள்கிறது. அதன் கையிலிருந்து விடுவித்தால்தான் நாங்கள் பிடிக்கலாம். விடுவிக்கிற கட்டளையைப் பெரேரா கார்டின் பின்பக்கத்தில் எழுதி மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தார்.

இனி அந்த மணி.

அதற்குப் பத்து வருடங்களுக்கு முன், மின்சாரம் மிச்சம் பிடிக்கிறோம் என்று நாட்டின் நேரத்தை முன்னுக்குத் தள்ளியிருந்தார்கள். பிறகு கொஞ்சம் குறைத்து, அரை மணி முன்னுக்கு என்று நிறுத்தினார்கள். புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் அதை ஏற்கவில்லை. ஆகவே ஒரே தீவில் இரண்டு நேரம். கொழும்பில் பழைய நேரத்தில் கைக்கடிகாரம் கட்டியிருந்ததற்காக என் தம்பியை ஒருமுறை சோதனையில் அரை நாள் வைத்திருந்தார்கள். அது எந்த ஊர் நேரம் என்பதுதான் கேள்வி. பிறகு ஒரு சித்திரைப் புத்தாண்டோடு அரசாங்கம் மனம் மாறி, பழைய நேரத்துக்கே திரும்பியது. ஒரே இரவில் தம்பியின் மணிக்கூடு நல்ல மணிக்கூடு ஆகிவிட்டது.

கொட்டாஞ்சேனையில் ஒரு ஒழுங்கைக்குள் சின்னக் கத்தோலிக்கக் கோயில் ஒன்று இருந்தது. அதன் வெண்கல மணி வெடித்துப்போனதால், இத்தாலிக்குப் போயிருந்த ஒரு பங்குக் குடும்பம் மின்னணு மணிப்பெட்டி ஒன்று அனுப்பியிருந்தது. செய்மதியிலிருந்து நேரத்தை எடுத்து, ஒலிபெருக்கியில் மணிச்சத்தம் எழுப்பும் பெட்டி. பூட்டிக் கொடுத்தது நாங்கள்தான். செய்மதி உலகப் பொது நேரத்தைத்தான் தரும். அதோடு எத்தனை மணி கூட்டவேண்டும் என்பதைப் பெட்டியில் நாங்கள் சொல்லவேண்டும். முழு மணிகள் மட்டும்தான் சொல்லலாம். நாங்கள் பூட்டிய காலத்தில் இலங்கை ஆறு மணி. பிரச்சினை இருக்கவில்லை. இப்போது ஐந்தரை. பெட்டிக்கு ஐந்து தெரியும், ஆறு தெரியும். ஐந்தரை தெரியாது.

பெட்டியைச் செய்த கம்பனிக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். அரை மணி நேர வலயம் என்று ஒன்று உண்மையிலேயே உள்ளதா என்பதைத் தயவுசெய்து உறுதிப்படுத்தவும் என்று பதில் வந்தது.

கோயிலிலிருந்து முறைப்பாடு வந்த கார்டில் "அவசரமில்லை" என்று எழுதியது நான். அரை மணி தானே என்று நினைத்தேன். அதற்கு முன்னால் ஒரு வைத்தியசாலை வேலை இருந்தது, அது உண்மை. ஆனாலும் எழுதியது நான்தான்.

மூன்று கிழமை அந்த மணி பன்னிரண்டுக்கு அடிப்பதற்குப் பதிலாகப் பதினொன்றரைக்கு அடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்துப் பெரிய வீதியால் துறைமுகத்திலிருந்து படை லொறிகள் பதினொன்றரை மணியளவில்தான் போகும். இதை யாரோ கவனித்து யாரிடமோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு வியாழக்கிழமை பொலிஸ் கோயிலுக்கு வந்து, மணி அடிப்பது யார் என்று கேட்டது. கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை சவரிமுத்து, "நான்தான் அடிக்கிறேன்" என்று சொன்னார். ஆளையும் பெட்டியையும் கொண்டுபோனார்கள்.

பங்குத் தந்தை, இளம் ஆள், அடுத்த நாள் காலையில் கம்பனிக்கே ஓடி வந்தார். பெட்டிதான் அடிக்கிறது என்று அவர் பொலிஸுக்குச் சொன்னாராம். தன் ஆளைக் காப்பாற்றப் பாதிரியார் பொய் சொல்கிறார் என்று அவர்கள் நினைத்தார்களாம். வாக்குமூலம் வேறு நிலைமையை மோசமாக்கியிருந்தது. பன்னிரண்டு மணிக்கு அடிக்கவேண்டியதை ஏன் பதினொன்றரைக்கு அடித்தாய் என்று கேட்டதற்கு, பன்னிரண்டுக்குத்தான் அடித்தேன் என்று சொல்லியிருக்கிறார் சவரிமுத்து. பன்னிரண்டு என்று யார் சொன்னது என்று கேட்டதற்கு, நேரம் வானத்திலிருந்து வருகிறது என்று சொல்லியிருக்கிறார். அது ஃபாதர் அவருக்குச் செய்மதியை விளங்கப்படுத்திய விதம். வானத்திலிருந்து அறிவுறுத்தல் கிடைப்பதாகப் பொலிஸ் புத்தகத்தில் பதிவாகிவிட்டது.

பெரேரா தொலைபேசியில் பேசினார். பெட்டி சான்றுப்பொருள், நிலையத்தை விட்டு வெளியே போகாது, காட்டவேண்டியதை அங்கேயே வந்து காட்டுங்கள் என்றார்கள். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மடிக்கணினி, டிபக்கர், சோல்டரிங் அயன், ஜன்னலில் வைக்க ஒரு அன்டெனா எல்லாவற்றையும் கூடையில் போட்டுக்கொண்டு நானும் பெரேராவும் போனோம்.

வாசல் வாங்கில் சவரிமுத்துவின் மனைவி திரேசம்மா சாப்பாட்டுப் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு இருந்தா. பொறுப்பதிகாரியான இன்ஸ்பெக்டர் ஐம்பது வயது மதிக்கத்தக்க, களைத்த முகமுள்ள மனிதர். கெட்டவர் அல்ல. எழுதப்பட்டதை மாற்ற முடியாதென்று உண்மையாகவே நம்பியவர். எனக்குத் தமிழ் தெரியும் என்று கண்டவுடன், முதலில் அவனோடு கதைத்துப் பாருங்கள் மிஸ், இரண்டு நாளாக ஒரே பதிலைத்தான் சொல்கிறான் என்றார்.

சவரிமுத்துவுக்கு அறுபது இருக்கும். சட்டைப் பொத்தானைக் கழுத்து வரைக்கும் போட்டு, பூசைக்குப் போகிற ஆள் மாதிரி இருந்தார். நான் கம்பனியிலிருந்து வந்திருக்கிறேன், பெட்டிதான் அடித்தது என்று காட்டப்போகிறோம் என்று சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"மிஸ், மெசின் அடிக்குதுன்னு சொல்லாதீங்க."

"சொல்லாட்டி உங்களை விடமாட்டினம், அண்ணை."

"என் வீட்டுக்காரிக்கே தெரியாது மிஸ். வெளியதான் ஒக்காந்திருக்கா."

பிறகு மெதுவாகச் சொன்னார். முப்பது வருடம் கயிறு இழுத்து மணி அடித்தவர். பெட்டி வந்த நாளிலிருந்து கயிறு இல்லை. ஆனால் தினமும் பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கோபுரத்தில் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வார். மணி அடித்து முடிந்ததும் நெற்றியைத் துடைத்துக்கொண்டு இறங்கி வருவார். ஐந்து வருடமாக இப்படி. ஃபாதருக்குத் தெரியும், இன்னும் சிலருக்குத் தெரியும். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒழுங்கைப் பிள்ளைகள் அவரை "மணி தாத்தா" என்றுதான் கூப்பிடுவார்களாம். பொலிஸ் வந்து கேட்டபோது திரேசம்மா பக்கத்தில் நின்றிருக்கிறா.

நான் திரும்பி வந்து, வாசல் கதவைச் சாத்த முடியுமா என்று இன்ஸ்பெக்டரிடம் கேட்டேன். ஏன் என்று கேட்டார். சிப்பில் தூசி படக்கூடாது என்று சொன்னேன். என் வாழ்க்கையில் தொழில் பற்றிச் சொன்ன முதல் பொய். பெரேரா என்னை ஒரு தரம் பார்த்தார். கதவு சாத்தப்பட்டது.

அரக்கு முத்திரையை இன்ஸ்பெக்டரே உடைத்தார். மூடியைக் கழற்றி, சிப்பருகில் இருந்த ஐந்து துளைகளிலும் வயரைச் சோல்டர் பண்ணினேன். புகை எழும்பியதும் மூன்று கான்ஸ்டபிள்கள் எழும்பி நின்றார்கள். அன்டெனாவை ஜன்னல் விளிம்பில் வைத்து, டிபக்கரை மடிக்கணினியில் செருகி, கட்டளையை அடித்தேன். திரையில் வந்ததைப் பெரேரா வழக்கம்போலச் சத்தமாக, சிங்களத்தில் வாசித்தார்.

"அனுமதி மறுக்கப்பட்டது."

இன்ஸ்பெக்டர் எழுதுவதை நிறுத்தினார். "யார் மறுத்தது?"

"கணினி, சேர்" என்றேன்.

"கணினி யாருடைய பொறுப்பில் இருக்கிறது?"

"என்னுடைய."

"அப்படியென்றால் யாரிடம் அனுமதி எடுக்கவேண்டும்?"

"என்னிடம்தான், சேர்."

அவர் சிறிது யோசித்தார். "சரி, எடுங்கள்."

மருதானைக் கணினியில் இதையெல்லாம் செய்து வைத்திருந்தேன். மடிக்கணினியில் செய்ய மறந்துவிட்டேன். நிர்வாகியாக உள்ளே போய், ஒரு கோப்பில் ஒரு வரி எழுதவேண்டும். யூ.எஸ்.பி சாமான் ஒவ்வொன்றுக்கும் இரண்டு இலக்கம் உண்டு. ஒன்று செய்தவருடையது, மற்றது சாமானுடையது. இந்த இரண்டு இலக்கத்தோடு ஒன்று வந்தால் இன்ன குழுவில் உள்ளவர்கள் அதைத் தொடலாம் என்பதுதான் அந்த வரி. என்ன எழுதுகிறீர்கள் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார், சொன்னேன். அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

வீட்டில் இருப்பவர்களின் பட்டியலைப் பொலிஸில் கொடுப்பதுபோல, என்றார். அடையாள அட்டை இலக்கம் பட்டியலில் இல்லாதவர் இருக்க முடியாது.

அதேதான் என்று சொன்னேன். வெள்ளவத்தையில் எங்கள் மாடிவீட்டுப் பட்டியல் போன மாதம்தான் போயிருந்தது. வீட்டுக்காரர் அவசரத்தில் என் பெயரைச் சுகந்தி என்பதற்குப் பதில் சுகந்தன் என்று எழுதிவிட்டார். திருத்தப் போனால் வேறு கேள்விகள் வரும் என்று நான் ஆணாகவே இருந்துவிட்டேன்.

கருவியைக் கழற்றித் திரும்பச் செருகினேன். இந்தத் தடவை அனுமதி கிடைத்தது. சிப்பை வாசித்தால் தொடக்கத்திலிருந்து கடைசி வரைக்கும் எஃப், எஃப், எஃப். ஒன்றுமே எழுதாத சிப்பில்தான் அப்படி வரும். சூட்டில் சிப்பை எரித்துவிட்டேனோ என்று நினைத்தேன். பெரேரா மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தார். ஒரு கான்ஸ்டபிள் பெட்டியின் பிளக்கைக் கழற்றிவிட்டுத் தன் கைத்தொலைபேசியை சார்ஜில் போட்டிருந்தார்.

திரும்ப மின்சாரம் கொடுத்து, இரண்டு தரம் வாசித்து, இரண்டும் ஒன்று என்று பார்த்து, பிரதி எடுத்து வைக்கப் பதினொரு மணி கடந்துவிட்டது. எழுத ஆரம்பிக்கட்டுமா என்று கேட்டேன். பொறு என்றார் பெரேரா. இன்ஸ்பெக்டரிடம் திரும்பி, யாரும் பெட்டிக்குக் கிட்ட வரவேண்டாம், பதினொன்றரை வரைக்கும் சும்மா பார்த்துக்கொண்டு இருப்போம் என்றார். சவரிமுத்துவை அழைத்து வந்து எதிர்ச் சுவரோடு ஒரு கதிரையில் இருத்தச் சொன்னார்.

பெட்டிக்குள் சோதனைக்கென்று ஒரு சின்ன ஒலிபெருக்கி உண்டு. சரியாகப் பதினொன்றரைக்கு, ஒருவரும் தொடாமல், அது தகர டப்பாவைத் தட்டுவதுபோல நண்பகல் செபத்துக்கான தேவமாதா மணியை அடிக்கத் தொடங்கியது. அதே நேரத்தில் வெளியே வீதி அதிர்ந்தது. ஜன்னலால் பார்த்தால் படை லொறிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. பொலிஸ் நிலையத்துக்குள் மணி அடித்துக்கொண்டேயிருக்கிறது. நிற்பாட்டு என்று யாரோ சொன்னார்கள். எப்படி நிற்பாட்டுவது என்று எனக்கே தெரியாது. கடைசி லொறி போன பிறகுதான் அது ஓய்ந்தது.

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். பிறகு திறந்தார். "இதை எப்படி எழுதுவது?" என்றார், எங்களிடம் அல்ல.

நான் வேலையைத் தொடங்கினேன். ஒரு மணி நேரத்துக்கு மூவாயிரத்து அறுநூறு வினாடி. பெட்டி, நாங்கள் சொல்லும் மணி எண்ணிக்கையை இந்த எண்ணால் பெருக்கித்தான் செய்மதி நேரத்தோடு கூட்டுகிறது. அந்த எண்ணை ஆயிரத்து எண்ணூறு ஆக்கிவிட்டால், பெட்டி மணி என்று நினைப்பதெல்லாம் அரை மணி ஆகிவிடும். பிறகு பதினொன்று என்று சொன்னால் ஐந்தரை மணி. ஆனால் சிப்பில் மூவாயிரத்து அறுநூறு நாலு இடத்தில் இருந்தது. நான் ஒன்றை மாற்றினேன். அது தவறான ஒன்று. பெட்டியின் முகத்தில் இருபத்து நாலு மணி பத்து நிமிடம் என்று வந்தது.

இன்ஸ்பெக்டர் அதைப் பதிந்துகொண்டார். அது நள்ளிரவா என்று கேட்டார். அப்படி ஒரு நேரமே இல்லை என்று சொன்னேன். கோடிட்டு வெட்டி, வெட்டியதற்குக் கையெழுத்து வைத்தார்.

பன்னிரண்டுக்குப் பதினெட்டு நிமிடம் இருந்தது. பெரேரா என் பின்னால் வந்து நின்றார். பிரதியிலிருந்து பழையதைத் திரும்ப எழுதி, நாலு இடத்தையும் ஆறுதலாக மறுபடி வாசித்தேன். மூன்று இடத்தில் வகுத்தல், ஒரே ஒரு இடத்தில் பெருக்கல். அதை மாற்றி, எழுதி, எழுதியதை வாசித்துச் சரிபார்த்து, வலயத்தைப் பதினொன்று என்று வைத்தேன். பெட்டி சரியான நேரத்தைக் காட்டியது.

பதினொன்று என்றால் எந்த நாடு என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். பசிபிக் சமுத்திரத்தில் ஏதோ தீவுகள், ஆனால் நேரம் கொழும்பு நேரம்தான் என்றேன். அதையும் எழுதினார்.

ஒரு கான்ஸ்டபிள் வானொலியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பன்னிரண்டு மணிக்கு வானொலியின் பீப் சத்தமும் பெட்டியின் மணியும் ஒன்றாகவே கேட்டன. ஃபாதர், அவர் எப்போது உள்ளே வந்தார் என்று தெரியாது, சிலுவை போட்டுக்கொண்டார். கான்ஸ்டபிள்களில் இரண்டு பேரும் போட்டார்கள்.

ஆனால் இன்ஸ்பெக்டர் புத்தகத்தின் பழைய பக்கத்தைப் புரட்டினார். "நான்தான் அடிக்கிறேன் என்று இவன் கையெழுத்து வைத்திருக்கிறான். பெட்டிதான் அடிக்கிறது என்று நான் கண்ணால் கண்டேன். அப்போ வாக்குமூலம் பொய். பொலிஸுக்குப் பொய் வாக்குமூலம் கொடுத்தால் அது வேறு குற்றம்."

சவரிமுத்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ கதவைத் திறந்திருந்தார்கள். திரேசம்மா பார்சலோடு வாசற்படியில் நின்றா.

நான் எதையோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பெரேரா முன்னால் வந்தார். காகத்துக்குக் கையெழுத்து வைத்த அதே முகம்.

"பொய் இல்லை சேர். இவர் அந்த மெஷினின் ஒப்பரேட்டர். ஒப்பரேட்டர் இல்லாமல் அதை ஓட்ட முடியாது. எங்கள் தொழிலில் ஒப்பரேட்டர்தான் அடிக்கிறார் என்று சொல்வோம்."

அந்தப் பெட்டியின் கையேட்டை நான் முன்னும் பின்னும் படித்தவள். ஒப்பரேட்டர் என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை. இருபது வருடத்தில் பெரேரா கண்ணால் காணாத ஒன்றைச் சொல்லி நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

இன்ஸ்பெக்டர் அவரை வெகுநேரம் பார்த்தார். பிறகு சவரிமுத்துவின் தொழில் என்ற இடத்தில் முன்பு எழுதியிருந்ததை வெட்டி, மணி இயந்திர ஒப்பரேட்டர் என்று எழுதி, எழுதியதைச் சத்தமாக வாசித்தார். சவரிமுத்து பெரிய எழுத்தில் கையெழுத்து வைத்தார். ஒன்றரை மணிக்கு விட்டார்கள். வெளியே வந்ததும் திரேசம்மா என்னிடம்தான் கேட்டா.

"எப்போ மிஸ் இவர ஒப்பரேட்டர் ஆக்குனாங்க? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

அடுத்த கிழமைக்குள் ஒழுங்கை முழுக்க அந்தச் செய்தி போய்விட்டது. ஒருவர் தன் மகனுக்கும் அந்த வேலை கிடைக்குமா என்று ஃபாதரிடம் கேட்டாராம்.

செவ்வாய்க்கிழமை பெட்டியைத் திரும்பப் பூட்ட நான் தனியாகப் போனேன். கோபுரத்துக்குள் சவரிமுத்து ரோர்ச் பிடித்துக்கொண்டு நின்றார். மூடியை இறுக்கிக்கொண்டே, மூன்று கிழமைக்கு முன்பே நீங்கள் அறிவித்தீர்கள், அவசரமில்லை என்று எழுதியது நான்தான் என்று சொன்னேன். அதைச் சொல்லாமல் அங்கிருந்து இறங்க எனக்கு முடியவில்லை. அவர் ரோர்ச்சை மூடியிலிருந்து எடுக்காமலே கேட்டார்.

"அரை மணிக்கு எந்த மனுசன் மிஸ் அவசரம்னு எழுதுவான்?"

பிறகு பெட்டியின் முன்னால் இருந்த பொத்தான்களை ரோர்ச்சால் காட்டி, இவை எதற்கு என்று கேட்டார். கையால் அடிக்க என்று சொன்னேன். ஒவ்வொரு வகை மணிச்சத்தத்துக்கும் ஒரு பொத்தான். அமத்தினால் அடிக்கும். ஐந்து வருடமாகத் தினம் துடைத்த பொத்தான்களை அவர் இதுவரை ஒருமுறைகூட அமத்திப் பார்த்ததில்லை.

"பகல் பன்னண்ட மட்டும் மெசின்லேருந்து எடுத்துருவீங்களா, மிஸ்?"

ஃபாதரிடம் கேட்கவேண்டும் என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. பெட்டியின் நிகழ்ச்சி நிரலில் போய்ப் பகல் பன்னிரண்டை அழித்தேன். இரண்டு நிமிட வேலை. அதற்கு டிபக்கரும் வேண்டாம், யாருடைய அனுமதியும் வேண்டாம்.

கீழே வந்து கோயில் வாசலில் நின்றேன். எதிரே சந்தியில் மணல்மூட்டைக் காவலரணுக்குப் பக்கத்தில் ஒரு இளம் கான்ஸ்டபிள் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெட்டியின் நேரத்துக்கு என் கைக்கடிகாரத்தைச் செக்கன் பிசகாமல் வைத்திருந்தேன். பன்னிரண்டு ஆனது. சத்தமில்லை. ஒரு நிமிடம் போனது, இரண்டு நிமிடம் போனது. அவருக்குப் பொத்தான் மாறிவிட்டதோ என்று மேலே போகத் திரும்பினேன். மூன்று நிமிடமும் சில செக்கனும் பிந்தி மணி அடித்தது.

கான்ஸ்டபிள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதைக் கழற்றி, சாவியை இழுத்து, முள்ளை மூன்று நிமிடம் பின்னுக்குத் திருப்பிக் கட்டிக்கொண்டார்.